மாமல்லபுரத்திலிருந்து நாவலூருக்குப் போன ஃபைல்

சுஜாதாவுக்கு மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில், கம்ப்யூட்டர் அறையில் வேலை. கருங்குழிப் பக்கம் நெல் பயிரிட்ட குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் படித்தவள் அவள்தான். கணவன் தமிழ்வாணன் அதே ரிசார்ட்டுக்கு வேன் ஓட்டினான்.

முதலாளிக்கு மொத்தம் மூன்று ரிசார்ட்டுகள். முந்தின நாள் எத்தனை அறை நிரம்பியது, எந்த நாட்டு விருந்தாளிகள் வந்தார்கள் என்ற விவரம் தினமும் காலையில் நாவலூர் தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். 2007-இல் அதற்காக இன்டர்நெட்டில் ரிப்போர்ட் சேவை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஃபைலை அதில் ஏற்றிவிட்டால் நாவலூரில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். ஏற்றுகிறவள் சுஜாதா. மற்ற இரண்டு ரிசார்ட்டுகளின் ஃபைல்களைத் தமிழ்வாணன் பென் டிரைவில் வாங்கி வருவான். மகள் கண் விழிக்கும் முன்பே இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு நாள் அந்த பென் டிரைவைக் காணவில்லை.

"பாக்கெட்லதான் சுஜா போட்டேன்," என்றான் தமிழ்வாணன். சட்டைப் பையை மறுபடி வெளியே இழுத்துக் காட்டினான்.

"அதுல இன்னா கீதுன்னு தெரியுமா? அத்தினி பேரு பாஸ்போர்ட் நம்பரும் கீது! எவன் கைலயாவது மாட்டிக்கினா இன்னா பண்றது?"

டீக்கடையில் கேட்டார்கள். வேன் சீட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். சாயங்காலம்தான் ரப்பர் விரிப்புக்கு அடியில், மணலுக்குள் அகப்பட்டது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் சுஜாதாவுக்கு அழுகை வந்தது.

மேனேஜர் பத்ரி திருக்கழுக்குன்றத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கோபப்படத் தெரியாத மனிதர். "அதான் கெடச்சுடுத்தே, விடுங்கோ," என்றார்.

"இல்ல சார், இன்னொரு தபா தொலையும். ஃபைல் தானா போற மாதிரி பண்ணிடறேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

ரிப்போர்ட் சேவைக் கம்பெனியில் மீரா என்ற இன்ஜினீயர் போனில் வழி சொன்னாள். ரிப்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் நம்பர் எதற்கு என்று சுஜாதா கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. முதல் வேலையாக விருந்தாளிகளின் பெயரையும் நம்பரையும் ஃபைலிலிருந்து நீக்கினாள். பிறகு மூன்று ரிசார்ட்டிலும் ஒரு சின்ன புரோகிராம். விடியற்காலையில் அதுவே ஃபைலைத் தயார்செய்து, வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும். ரிப்போர்ட் சேவையில் இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று; அதை வைத்து ஃபைலைப் போட மட்டுமே முடியும். அங்கே இருப்பதைத் திறக்கவோ அழிக்கவோ முடியாது. போனாலும் போகாவிட்டாலும் சுஜாதாவின் செல்போனுக்கு மெசேஜ் வரும்.

"எல்லாம் தானா பூடுச்சின்னா அப்பால உனக்கு இன்னா வேல?" என்று தமிழ்வாணன் கேட்டான். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் பாதியில் விடவில்லை.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. மழைக்காலத்தில் ஒரு நாள் 'போகவில்லை' என்று மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தால், ஃபைலை வாங்கிக்கொள்ளும் எதிர்முனையில் இருப்பது பழகிய மெஷின் இல்லை, தொடரலாமா என்று திரையில் கேள்வி.

"நாவலூர்ல கேட்டுண்டே இருக்கா. எஸ்னு அழுத்தினா போயிடுமோல்லியோ?" என்றார் பத்ரி.

"போயிடும் சார். யார்கிட்ட போவுதுன்னுதான் தெரியாது."

பத்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ விசாரிச்சுட்டு அப்பறமா அனுப்புங்கோ."

சுஜாதா தன்னிடமிருந்த மீராவின் பழைய நம்பருக்கே போன் செய்தாள். "ஐயோ, வேற மெஷினுக்கு மாத்திட்டோம். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன், சாரி," என்றாள் மீரா. சுஜாதா அத்துடன் விடவில்லை. புது மெஷினின் அடையாள எழுத்துகளை அவளை வாசிக்கச் சொல்லி, திரையில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாக இருந்த பிறகே ஃபைல் போனது. தாமதத்துக்குக் காரணம் கேட்ட நாவலூரிடம், "நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன்," என்று பத்ரி சொல்லிவிட்டார்.

வேலை போகவில்லை. மூன்று ரிசார்ட்டின் கம்ப்யூட்டர்களையும் முதலாளி அவளிடமே ஒப்படைத்தார். அடுத்த சித்திரையில், ஃபைல் தானாகப் போய்விடும் என்பதால், வாரத்தின் நடுவிலேயே லீவு போட்டு மகளோடு மூவரும் திருக்கழுக்குன்றம் மலைக்கோவிலுக்குப் போனார்கள். பாதி மலையில் மகள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். தமிழ்வாணன் அவளைத் தோளில் தூக்கிக்கொள்ள, சுஜாதா செருப்பும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் ஏறினாள்.