செல்லச்சாமி பாஸ் எயார் எடுத்த கார்

கட்டுகஸ்தோட்டையில் லொறி கராஜ் வைத்திருக்கும் செல்லச்சாமி பாஸுக்குப் பெட்ரோல் கார் என்றாலே இளக்காரம். "பிளக் வச்சுப் பத்த வைக்கணும்னா அது எஞ்சினா, அடுப்பா?" என்பார். டீசல் எஞ்சினில் காற்றை அமுக்குகிற அமுக்கிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதை ஏதோ இவரே கண்டுபிடித்தது போல நெஞ்சை நிமிர்த்துவார்.

போன வருடம் போனில் ஒரு வீடியோ பார்த்தார். வருங்காலத்தில் பெட்ரோலையும் அப்படியே அமுக்கி எரிக்கப்போகிறார்களாம். இப்போதே புதுக் கார்களில் லொறி மாதிரி டர்போவும், எஞ்சினுக்குள் நேராக எண்ணெயைப் பீய்ச்சும் பம்பும் வந்துவிட்டனவாம். அவ்வளவுதான், மனிதரைப் பிடிக்க முடியவில்லை. சலூனிலும் கோயில் வரிசையிலும் ஒரே பேச்சு. "எல்லாம் நம்ம லொறிகிட்ட இருந்து சுட்டது!" அது பொய்யுமில்லை. அதனால்தான் அவர் கராஜில் வேலை செய்யும் எங்களுக்கு இன்னும் எரிச்சல்.

இந்த நேரத்தில்தான் அவர் மகள் சீதாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. லேசில் யாரையும் பிடிக்காத சீதாவுக்கு இந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. மாநகரசபையில் கிளாக்கராக இருக்கும் சம்பந்தி இராமையா புதுப் பெட்ரோல் காரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் 'டக் டக்' என்றது. பாஸின் காது நிமிர்ந்தது.

"எயார் புடிச்சிருக்கு சம்பந்தி."

"இல்லீங்க, இந்த மாடலு சத்தமே இப்படித்தான்னு கம்பனியில சொன்னாங்க."

"கம்பனிக்காரனுக்கு டீசல் தெரியுமா? நிப்பாட்டாதீங்க. ரெண்டு நிமிசம்."

லொறியில் எயார் பிடித்தால், அதாவது எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால், எஞ்சின் ஓட ஓட அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்துவார்கள். நுரை போய் எண்ணெய் வந்ததும் இறுக்கிவிடுவார்கள். நாற்பது வருடப் பழக்கம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பொனட்டைத் திறந்து, ஸ்பெனரைப் போட்டார்.

பெட்ரோல் சீறியது. சம்பந்தியின் வெள்ளைச் சட்டை, வாசல் மேசையில் இருந்த தாம்பாளம், நிச்சயச் சேலை, பூ, பழம் எல்லாம் நனைந்தன. அதே மேசை ஓரத்தில் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. உறைந்து நின்ற கூட்டத்தில் சீதா ஒருத்திதான் ஓடினாள். ஐந்து திரியையும் வாயால் ஊதி அணைத்தாள்.

யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. மூச்சு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "நிச்சயத்தன்னிக்கு வெளக்க ஊதி அணைச்ச பொண்ணு எங்களுக்கு வேணாம்."

பெட்ரோல் பீய்ச்சியவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்ற அந்தத் தடியனும் தலையைக் குனிந்துகொண்டு, நின்றுபோன காரைத் தள்ளப் போனான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

எல்லோரும் போன பிறகு பாஸ் மகளிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, வாயால ஊதாம பூவால அமத்தியிருக்கலாம்ல?"

சீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"பூவுலயும் பெட்ரோல்தானேப்பா இருந்துச்சு."