கலியமூர்த்தி விரல் வைத்துக் கேட்ட கதைகள்

கலியமூர்த்திக்குக் கோபம் வந்து மந்தாரக்குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் மண்ணை வாரிப் போட வேண்டும். சூப்பர்வைசர் திட்டினாலும் "சரிங்க", பாராட்டினாலும் "சரிங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில் நின்று, "எல்லாரும் சேந்து என்னை ஏமாத்திட்டீங்க" என்று கத்தினார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருக்காது. அவர் பக்கத்து நியாயத்தை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

கலியமூர்த்திக்குப் படிக்கத் தெரியாது. சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர், திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. தன் பெயரை மட்டும் படம் வரைகிற மாதிரி எழுதிவிடுவார். இது வெளியில் தெரியக் கூடாது என்பதற்காக அவர் பட்ட பாட்டில் பத்தாவதே பாஸ் செய்திருக்கலாம். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, படங்களைப் பார்த்து, சரியான நேரத்துக்குப் பக்கத்தைப் புரட்டுவார். யாராவது எதையாவது படித்துச் சொல்லக் கேட்டால், "கண்ணாடி எடுத்துக்கினு வரல" என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. பெண் பார்க்கப் போனபோது எட்டாவது என்று சொல்லித்தான் செந்தாமரையைக் கட்டினார்.

மகள் பவித்ரா மூன்றாம் வகுப்பு. அவளாவது தன்னைப் போல் பேப்பரை விரித்து வைத்து நடிக்கிற நிலைக்கு வரக் கூடாது. கலியமூர்த்திக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் வகுப்பு ஆசிரியை மலர்விழி, பிள்ளைகளைக் குழு குழுவாக உட்கார வைத்து அட்டை, முத்து, படம் என்று சொல்லித் தருகிறவர். அவர்தான் வீட்டு வாசிப்பையும் கொண்டு வந்தார். தினமும் ஒரு துணிப்பையில் ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்கு வரும். பிள்ளை சத்தமாகப் படிக்க, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அவர் விளக்கினார்.

"படிக்கப் படிக்க எழுத்துக்கு அடியில நீங்க விரல் வெச்சுக்கிட்டே வாங்க. எங்கயாவது திக்கினா அந்த வரிய மறுபடியும் படிக்கச் சொல்லுங்க. நல்லா படிச்சா சபாஷ் சொல்லுங்க. அவ்வளவுதான்."

செந்தாமரை எட்டாவது வரை உண்மையாகவே படித்தவள். "நான் கேட்டுக்கறேன்" என்றாள். கலியமூர்த்தி விடவில்லை. விரல் வைக்க வேண்டும், திக்கினால் நிறுத்த வேண்டும், இதில் படிப்புக்கு எங்கே வேலை என்று நினைத்தார். கூட வேலை செய்யும் மணிமாறனிடம் கேட்டு, மதியம் போய் ராத்திரி திரும்புகிற தன் செகண்ட் ஷிஃப்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நைட் ஷிஃப்டை வாங்கிக்கொண்டார். நைட் ஷிஃப்டை வலியப் போய் வாங்குகிற ஆளை மணிமாறன் அதுவரை பார்த்ததில்லை.

சாயங்காலமானால் குளித்து, சட்டை மாற்றி, பாயில் உட்கார்ந்துவிடுவார். பவித்ரா படிப்பாள். அவர் விரல் வரியின் அடியில் ஊர்ந்து போகும். பக்கம் முடிந்தால் அவள் புரட்டுவாள், விரல் மறுபடி மேலே போகும். முதல் நாள் கொஞ்சம் திக்கியதோடு சரி, அதற்குப் பிறகு பவித்ரா ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பக்கத்து வீடுகளில் மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டி முக்கி முனகுவது கேட்கும்போது கலியமூர்த்திக்கு உள்ளூரப் பெருமை தாங்காது. பாவம், எல்லாருக்குமா இப்படிப் பிள்ளை வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வார்.

கதைகளும் அப்படி. ஒரு ஆட்டுக்குட்டி குடை பிடித்துக்கொண்டு மைன்ஸுக்கு வேலைக்குப் போகும். கான்ட்ராக்டர் அதற்கு ஹெல்மெட் கொடுப்பார், கொம்பில் மாட்டிக்கொள்ளும். கன்வேயர் பெல்ட்டில் ஏறி உட்கார்ந்து ஊர் சுற்றும். கலியமூர்த்தி வயிறு குலுங்கச் சிரிப்பார். அன்றிரவு வேலையில், "புத்தகத்துலல்லாம் இப்ப நம்ம மைன்ஸ்தான் போடறானுங்க" என்று எல்லாரிடமும் சொல்வார். நம்மைப் பற்றியும் ஒருத்தன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று படித்தவர்களுக்குப் புரியாது.

அந்த ஆட்டுக்குட்டிப் புத்தகம் சுற்றி வந்து, மளிகைக்கடை மீரான் மைதீனின் மகன் யாசினிடம் போய்ச் சேர்ந்தது. அவனும் பவித்ரா வகுப்புதான். கலியமூர்த்தி மகளைக் கூட்டிக்கொண்டு டீத்தூள் வாங்கப் போனபோது யாசின் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். பொட்டலம் கட்டுகிற கையோடு அவன் அத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆட்…டுக்…குட்டி சந்…தைக்குப் போ…னது."

கலியமூர்த்தி அட்டைப்படத்தை அடையாளம் கண்டுகொண்டார். "பாய், தம்பி தப்பா படிக்கிறான். ஆட்டுக்குட்டி மைன்ஸுக்கு இல்ல போவும்? திரும்பப் படிக்கச் சொல்லுங்க."

"சந்தைன்னுதான் போட்டிருக்கு" என்றான் யாசின்.

"நீ படிச்சுக் காட்டு பாப்பா" என்று மகளை முன்னால் தள்ளினார் கலியமூர்த்தி.

பவித்ரா தயங்கிப் புத்தகத்தை வாங்கினாள். ஹெல்மெட், கான்ட்ராக்டர், கன்வேயர் எல்லாம் வரிசையாக வந்தது. மீரான் மைதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தார்.

"அட, ஆமா. என் பையன்தான் சரியா பாக்காம படிச்சிட்டான்."

"இல்லத்தா, மைன்ஸே இதுல இல்ல. நீங்களே பாருங்க."

"சும்மா இருடா."

மீரான் மைதீன் ஒரு மிளகாய்க்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். அவர் சொந்த மகனை அதட்டி அடக்கிய அந்த நொடியில்தான் கலியமூர்த்திக்கு விளங்கியது. டீத்தூளை வாங்காமலே இறங்கி நடந்தார். மகள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். அன்று கதை கேட்காமலே நைட் ஷிஃப்டுக்குப் போனார்.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடம். மலர்விழி அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"பவித்ரா படத்தைப் பாத்துக் கதை சொல்றதுல கெட்டிக்காரிங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் இன்னும் வரல. இதை நான் பொங்கலுக்கு முன்னாடியே உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேனே."

"எங்கிட்ட ஏன் டீச்சர் சொல்லல? தெனம் வாசல்ல பாக்கறப்பல்லாம் உங்க பொண்ணு சூப்பர்னு சொன்னீங்களே."

மலர்விழி மேசையைப் பார்த்தார். "நீங்க அவ்வளவு ஆசையா கேக்கறீங்கன்னு பவித்ரா சொல்லுவா. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்…"

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியும்னு சொல்லுவீங்க, அப்படித்தான?" என்றார் கலியமூர்த்தி. அதன் பிறகு வாசலுக்கு வந்துதான் கத்தினார். டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவர்களிடம் நாம் ஜாக்கிரதையாக இருப்போம், இரக்கப்படுகிறவர்களிடம் என்ன செய்வது?

வீட்டில் செந்தாமரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவளுக்குப் படிக்க வரலன்னு சொன்னா, உனக்கும் வராதுன்னு எனக்குத் தெரியும்னு சேத்து சொல்லணும்யா. அதை எந்த வாயால சொல்றது?"

கலியமூர்த்தி சுவரோடு சாய்ந்துவிட்டார். "எப்பலேந்து தெரியும்?"

"கண்ணாலமான மறு வாரமே. தேங்கா எண்ணெய்னு சொல்லி வெளக்கெண்ணெ பாட்டில் வாங்கியாந்து குடுத்த. நானும் ஒண்ணும் சொல்லாம தலைக்குத் தேச்சிக்கினேன்."

இத்தனை வருஷமாக அவர் சோற்றில் மறைத்து வைத்ததாக நினைத்தது முழுப் பூசணிக்காய். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகளுக்குப் படிக்க வரவில்லை என்பதைவிட, தன் முகத்துக்கு நேராக நடிப்பதில் எல்லாரும் தன்னைவிடத் தேறியிருந்தார்கள் என்பது வலித்தது.

சாயங்காலம் பவித்ரா துணிப்பையோடு வந்து, வழக்கமான இடத்தில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு பாப்பா அப்பாவ ஏமாத்துன?"

"மொத நாள் நெஜமாதான்பா படிச்சேன். திக்கிக்கினே இருந்துச்சி. நான் மேல படிக்கறேன், நீ கீழ விரல் வெச்சிருந்த." அவள் பாயின் கோரையைப் பிய்த்தாள். "அப்புறம் படத்தப் பாத்து சொன்னேன். நீ சபாஷ்னு சொன்ன."

"மைன்ஸ்?"

"மைன்ஸ் வந்தா நீ சிரிப்பியேப்பா."

கலியமூர்த்தி துணிப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இன்னிக்கு அதுல இருக்கறத மட்டும் படி" என்றார். விரலை நீட்டப் போனவர், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பவித்ரா புத்தகத்தைத் திறந்தாள். ஒரு சொல்லைப் பிடிக்க மூன்று தடவை முட்டினாள். அடுத்ததில் நின்றாள். பின்னால் போய்த் திரும்ப வந்தாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு தன் வீட்டில் அந்த முனகலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. ஒரு வரி முடிந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாப்பா?"

சபாஷ் என்ற சொல் அவர் வாய் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது பாப்பா" என்றார். "உங்கம்மாவைக் கேளு."

செந்தாமரை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்த வரிக்கு அடியில் விரலை வைத்தாள். "திரும்பப் படி" என்றாள். கலியமூர்த்தி அவளுக்கு இடம்விட்டு எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மணிமாறனிடம் போய், தன்னுடைய செகண்ட் ஷிஃப்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.