ஊருணிக் கரையில் புதைத்த குழாய்

என் அக்காவைத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை. மச்சானின் கிணறு வண்டிப்பாதைக்குக் கிழக்கே இருந்தது. வாழைத் தோட்டம் மேற்கே. நடுவில் பாதையும் அதை ஒட்டிய ஊருணிக் கரையும் சர்க்கார் புறம்போக்கு. அதன் அடியில் மண்குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுபோக ஒரு வருஷத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். அதை நிரந்தரமாக்க மனுப் போட்டபோது ஊர் மறித்தது. குடிக்கிற ஊருணித் தண்ணீரைக் குழாய் உறிஞ்சுகிறது என்றார்கள். அனுமதி போனால், குலை தள்ளும் நிலையில் நின்ற வாழை பத்து நாள் தாங்காது.

மதுரையில் பத்திரிகையில் இருந்த என்னை மச்சான் வரச்சொன்னார்.

"ரெண்டு வரி எழுது மாப்ள. அம்புட்டுப் பேரும் பொறாமையில பேசுறானுக."

பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

ரெவினியூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த காலையில், ஊரார் தாங்களே ஒரு சோதனை வைத்தார்கள். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் கரைத்து, குழாய் போகும் பக்கத்தில் ஊருணியில் ஊற்றினார்கள். திருவிழா மஞ்சள் நீர் விழுந்து பழகிய ஊருணி; யாரும் முகம் சுளிக்கவில்லை. கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் குழாய் வாயில் தெளிந்த தண்ணீர் கொட்டியது.

"நல்லா பாத்துக்கிருங்க," என்றார் மச்சான்.

"கமலைய நிப்பாட்டச் சொல்லுங்கய்யா. கெணத்துத் தண்ணி நின்னாத்தேன் எந்தத் தண்ணி வருதுன்னு தெரியும்," என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

மாடுகளை அவிழ்த்தார்கள். தண்ணீர் மெலிந்தது, நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை நீட்டினேன். நனைந்த இடம் மஞ்சளாயிற்று. எல்லோரும் கைக்குட்டையைப் பார்க்க, மச்சான் என்னைப் பார்த்தார்.

கரையை வெட்டினார்கள். எல்லா இணைப்பிலும் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. ஊருணிக்கு மிக அருகிலிருந்த ஒன்றில் மட்டும் பூச்சே இல்லை. அதன் வாயில் ஒரு நண்டு வளை வந்து முடிந்தது.

"நண்டு வளை போட்டா நான் என்னங்கய்யா பண்ணுவேன்?" என்றார் மச்சான்.

"சுண்ணாம்பையும் நண்டுதேன் வழிச்சுத் தின்னுச்சாக்கும்?" என்றாள் அதே பெண். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

மறதியா, வேண்டுமென்றே விட்டதா, எனக்குத் தெரியவில்லை. நான் எதுவும் எழுதவில்லை.

சரியாகப் பூசினால் சிபாரிசு செய்வதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். மச்சான் பூச்சுக் கரண்டியை எடுத்தபோது ஊரார் அதை வாங்கிக்கொண்டார்கள். தெருவுக்கு ஒரு ஆள் பள்ளத்தில் இறங்கி, ஒருவர் பூசியதை இன்னொருவர் விரலால் அழுத்திப் பார்த்தார். வாழை பிழைத்தது என்று நினைத்தேன். மச்சான் என் காதருகே வந்தார்.

"கண்ண எடுக்காத மாப்ள. எங்கிட்டாச்சும் ஓட்டை வச்சு, என் கெணத்துத் தண்ணிய ஊருணிக்கு இழுத்துருவானுக."

ஊருணித் தண்ணீர் குழாயைவிட உயரத்தில் நிற்கிறது, குழாய்த் தண்ணீர் அதற்கு ஏறாது என்றேன். அவர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.