சோயா மாவும் லூசியின் கழுத்தும்

முதலில் லூசியின் அழுகை மாறியது. தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது. அப்போது எங்கள் மகளுக்கு ஆறு மாதம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

நான் புதுச்சேரிக் கடற்கரையில் கப்பல் சரக்கு இறக்கும் கூலி. எழுத்து அதிகம் வராது. உங்கள் வீட்டிலும் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

பிரசவமானதும் என் மனைவி அமலிக்கு மார்பில் சீழ்க்கட்டி வந்தது. கீறினார்கள். பால் நின்றுபோனது. பசும்பால் கொடுத்தோம். லூசிக்கு ரத்தமாகப் போனது. ஆட்டுப்பாலும் அப்படியே. ஆஸ்பத்திரியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே இருக்கும் பெரிய டாக்டர், பால் ஒவ்வாமை (பால் போனாலே குடல் புண்ணாவது) என்றார். சோயா மாவு எழுதிக்கொடுத்தார். அது ஒரு பயறு. அதை மாவாக்கி டப்பாவில் அடைத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்கள். வெந்நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தோம். ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது.

அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் இரண்டு கட்சி.

“மாட்டுக்கு ஊற வெக்கிற பயித்தப் புள்ளைக்கு ஊத்தறியே அமலி, நாளைக்கு அது அம்மான்னு கூப்புடாது, ம்மான்னு கத்தப்போவுது” என்றாள் எதிர்வீட்டு ரோசாலி.

என் அக்கா பிலோமி வியட்நாமில், சைகோனில் குடித்தனம் செய்துவிட்டு வந்தவள். அவள் விடவில்லை. “சைகோன்ல தெருத்தெருவா பயிறுப் பாலு விக்கறான். குடிச்சவன்லாம் கொம்பு மொளச்சா திரியறான்? ஒம் புருஷன் தாய்ப்பால் குடிச்சவன்தானே, அவன் லட்சணம் ஊருக்கே தெரியுமே.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாலும் கோயில் வாசலில் இதே பேச்சு. டப்பாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். மூட்டை தூக்கும்போதும் அந்தப் பேச்சு காதில் ஓடும்.

பிறகு கழுத்து வீங்கியது.

பொன்னுக்கு வீங்கி என்றார்கள். அதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. அது வந்தால் கழுத்தில் பொன் போடுவது வழக்கம். எங்களிடம் பொன் இல்லை. ரோசாலியே தன் சங்கிலியைக் கழற்றி, இரண்டு சுற்றாகப் பிள்ளைக்குப் போட்டாள்.

“எம்மா நாளானாலும் கெடக்கட்டும். எனக்கென்னா, கல்யாணமா வெச்சிருக்கு?”

சங்கிலி தொளதொளவென்று கிடந்தது. ஒரு நாள் காலை அமலி அதன் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. பிள்ளை மூச்சு இழுக்கும்போது விசில்போலச் சத்தம் வந்தது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். அமலி பின்னால் வந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே சின்ன டாக்டரம்மா பார்த்தார். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர். முதலில் சங்கிலியைக் கழற்றினார்.

“காய்ச்சல் இருந்துச்சா?”

“இல்லீங்க.”

“பொன்னுக்கு வீங்கின்னா காதுக்குக் கீழ வீங்கும். இது நடுக் கழுத்து. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். லூசி எச்சில் விழுங்கினாள். வீக்கமும் கூடவே ஏறி இறங்கியது.

தைராய்டு (தொண்டைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி, பிள்ளை வளர அது வேண்டும்) பெருத்திருக்கிறது என்றார். அது வேலை செய்ய அயோடின் (கடல் மீனில் உள்ள ஒரு சத்து) வேண்டுமாம். சோயா மாவு மட்டுமே குடிக்கும் சில பிள்ளைகளுக்கு அது போதாமல் போகிறதாம். கடலில் நின்று பிழைக்கிறவன் பிள்ளைக்கு இது.

பெரிய டாக்டர் வந்தார். மாவை இன்றே நிறுத்து என்றார். டாக்டரம்மா நிறுத்தக் கூடாது என்றார். இருவரும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் என் தலைக்கு மேல் பேசினார்கள். குழாயடியைவிடச் சத்தம் குறைவு, அவ்வளவுதான்.

நான் கேட்டேன். “நிறுத்திட்டு என்னா குடுக்கறதுங்க?”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“அரிசிக் கஞ்சி” என்றார் பெரியவர். அவரை நாங்கள் முசியே (பிரெஞ்சில் ஐயா) என்றுதான் கூப்பிடுவோம்.

“வெறுங் கஞ்சில புள்ள எத்தினி நாளு தாங்கும், முசியே?”

அவர் லூசியைப் பார்த்தார்.

டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “ஒளிக்காமச் சொல்றேன். வெளிநாட்டுலயே இதுல ரெண்டு பேச்சு இருக்கு. மாவே வேணாம்னு சிலர் சொல்றாங்க. அயோடின் சேத்துக் குடுத்தா போதும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. அடிச்சுச் சொல்ல முடியாது.”

அமலி சொன்னாள்: “மாவ நிறுத்துனா ரத்தம் போவும். அத ஒருவாட்டி பாத்துட்டேன். இன்னொருவாட்டி என்னால முடியாதுங்க.”

“குடுங்கம்மா” என்றேன்.

மாவில் அயோடின் சொட்டு மருந்து கலந்து கொடுத்தார்கள். பால் புகட்டும் பாலாடையை நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளையின் கழுத்தைப் பெருக்க வைத்த அதே பாலை என் கையால் ஊற்றினேன். அவள் விழுங்கினாள். நானும் கூடவே விழுங்கினேன்.

வீக்கம் மெதுவாக வடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நான் எண்ணவில்லை. விசில் சத்தம் குறைந்து, குறைந்து, ஒரு நாள் இல்லை. அழுகை கணீரென்று வந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

தன் சங்கிலிதான் வீக்கத்தை இறக்கியது என்கிறாள் ரோசாலி. பயிறுப் பால்மேல் பழியில்லை என்கிறாள் அக்கா. குழாயடியில் இன்னும் தீரவில்லை.

உங்களுக்கு ஒன்று. ஊர் சொல்கிறதென்று டாக்டர் கொடுத்த மாவை நிறுத்தாதீர்கள். டாக்டர் கொடுத்ததென்று பிள்ளையைப் பார்க்காமலும் இருக்காதீர்கள். குரலைக் கேளுங்கள். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். லூசி தாமதமாகத்தான் நடந்தாள். அது இதனாலா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. எனக்கும் தெரியாது.

இப்போது அவளுக்கு நாலு வயது. சோறும் மீனும் சாப்பிடுகிறாள். அவள் விழுங்கினால் என் தொண்டையும் விழுங்குகிறது. நானாகச் செய்வதில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குப் பொழுது நகர்வதில்லை.

“அவ துன்றா. நீங்க எதுக்கு முழுங்கறீங்க?” என்று அமலி சிரிக்கிறாள்.

வாயை மூடிக்கொள்கிறேன். லூசி அடுத்த உருண்டையை எடுக்கிறாள்.