ஊர்ச் சின்னமும் ஐந்து தோட்டாக்களும்

அமெரிக்காவில் ஒரு மாநிலம் துப்பாக்கியைத் தன் அதிகாரபூர்வச் சின்னமாகச் சட்டம் போட்டு அறிவித்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். மாநிலப் பூ, மாநிலப் பறவை, மாநில மீன் என்று நீண்ட பட்டியலை விரல்விட்டு எண்ணினேன், துப்பாக்கி பதினோராவது. கொட்டகலையிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது சும்மா இருக்காமல் சாரதியிடம் அதைச் சொல்லிவிட்டேன். அந்தச் சாரதிதான் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். செயலாளர் நான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு நாற்பத்தெட்டுக் குடும்பங்கள் தனிவீடுகளுக்குக் குடிவந்து பதினான்கு மாதங்களாகின்றன. பாதை பிரியும் இடத்தில் ஊர்ப் பலகை வைக்க வேண்டும். அதில் ஒரு சின்னம் வேண்டும். தேயிலைக் கொழுந்தாக இரண்டு இலையும் ஒரு மொட்டும் போடலாம் என்றார்கள். இங்கிருந்து நானுஓயா வரை நான் எண்ணிய ஏழு பலகைகளில் ஆறில் அதுதான் இருக்கிறது. ஆட்டோவில் பேசிய மூன்றாம் நாள் தலைவர் வீடு தேடி வந்தார்.

“ஐயா, நம்ம சின்னம் கெடச்சிருச்சுங்க. வாச்சரோட துவக்கு! அமெரிக்காக்காரனே வைக்கிறான், நமக்கு என்னங்க?”

கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

வாச்சர் எங்கள் தோட்டத்தின் காவல்காரர். காட்டுப்பன்றி விரட்டத் தோட்டம் வைத்திருந்த இரட்டைக் குழல் துவக்கு அவர் பொறுப்பில் இருந்தது. எண்பத்து மூன்றில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தின்போது ஒரு மத்தியானம், பஜாரிலிருந்து பெட்ரோல் கேனும் பொல்லுத் தடியுமாக ஒரு கூட்டம் லயத்தைக் கொளுத்த வந்தது. லயத்துக்கு வரும் வழியிலுள்ள பாலத்தில் வாச்சர் தனியாக நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். சில வருடங்களில் அது இரண்டானது. இப்போது பிள்ளைகள் ஒன்பது என்கிறார்கள்.

என் கணக்கில் ஒன்றுகூட இல்லை. அப்போது இருபத்து மூன்று வயது எனக்கு, தோட்டத்து ஆபிசில் சின்னக் கிளாக்கர். தோட்டத்து மேலாளரான துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார். தோட்டாக்கள் என் மேசை லாச்சியில் பூட்டியிருந்தன. வாச்சர் ஓடிவந்து, “ஐயா, தோட்டாவக் குடுங்க, வந்துட்டாங்க” என்றார். “துரை கையெழுத்து இல்லாம எப்படிங்க?” என்றேன். அவர் வெறும் துவக்கோடு பாலத்துக்கு ஓடினார். மறுநாள் காலை லாச்சியைத் திறந்து எண்ணினேன். ஐந்தும் இருந்தன.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாச்சர் இறந்து பதினொரு வருடம். அவரும் சொன்னதாகத் தெரியவில்லை. இப்போது பேசாமலிருந்தால், வெடிக்காத வெடியை என் கையாலேயே கூட்டக் குறிப்பில் ஊர்ப் பெருமையாக எழுத வேண்டும். பேசினால், தோட்டாவைப் பூட்டி வைத்த ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். வாச்சரின் மனைவி இன்னும் இருக்கிறார். அவர் முன்னால் அந்த வெடியை இல்லாமலாக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில், குழந்தைகளின் தொட்டில்களை ஓரம் தள்ளிவிட்டுக் கூட்டம் கூடினோம். வீட்டுக்கு ஒருவராக நாற்பத்தாறு பேர். துவக்குக்குக் கை தூக்கச் சொன்னார் தலைவர். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன், முப்பத்தொன்று. மூன்றாம் தரம் எண்ணத் தொடங்கினேன்.

“எத்தன தரந்தாங்க எண்ணுவீங்க? கை வலிக்குது!” என்று யாரோ கத்தினார்கள்.

“அந்தத் துவக்குல தோட்டா இல்லீங்க” என்றேன். “அஞ்சும் என் மேசையில இருந்துச்சு. அவரு வந்து கேட்டாரு. நான்தான் குடுக்கல.”

பின்வரிசையிலிருந்து பழைய கங்காணி ஒருவர் சொன்னார்: “அன்னைக்குத் தோட்டா குடுக்கல, இன்னைக்குச் சின்னத்தையும் குடுக்க மாட்டேங்கிறாரு! இதுக்கும் தொர கையெழுத்து வேணுங்களா?”

மடுவம் சிரித்தது. வாச்சரின் மனைவி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“சிரிக்காதீங்கப்பா. எனக்குத் தெரியும். அன்னைக்கு வீட்டுக்கு வந்தவொடனே தொவக்க மடிச்சுக் காட்டுனாரு. வெறுங்கொழலு. நின்னபடியே ரெண்டு செம்பு தண்ணி குடிச்சாரு.”

“அப்புறம் எப்படி பாட்டி திரும்பிப் போனானுங்க?” என்றார் தலைவர்.

“பாதிப்பேரு பஜார்ல பழக்கமானவங்கதானே. ஒவ்வொருத்தனா பேரச் சொல்லிச் சிங்களத்துல கூப்புட்டாராம். உங்கம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருச்சான்னு முன்னால நின்னவன்கிட்ட கேட்டாராம். அவன்தான் மொதல்ல திரும்புனானாம்.”

“இத்தன வருசமா ஏன் சொல்லல?” என்றார் தலைவர்.

வாச்சரின் மனைவி என்னைப் பார்த்தார். “சொல்லக்கூடாதுன்னுட்டாரு. சின்னப் பையன், பயந்துட்டான், தெரிஞ்சா ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாதுன்னாரு.”

குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அவர் சொன்னதை எழுதினேன். அதில் அன்று எத்தனை வரி எழுதியிருந்தேன் என்று இன்று சொல்லத் தெரியவில்லை.

“அப்ப துவக்கு வேணாங்களா?” என்றார் தலைவர்.

“ஏன் வேணாம்? அவரு கையில இருந்தது அதுதானே. மடிச்ச மாதிரி வரைங்க. ரெண்டு ஓட்டையும் வெறுசாத் தெரியணும்” என்றார் வாச்சரின் மனைவி.

இந்த முறை நாற்பத்து மூன்று கைகள், என்னுடையதையும் சேர்த்து.

பலகை எழுதக் கந்தப்பளையிலிருந்து ஒரு பெயின்டர் வந்தார். உடைந்த துவக்கை ஏன் வரையச் சொல்கிறீர்கள் என்று இரண்டு தரம் கேட்டார். தோட்டா போடுவதற்காக அதை மடித்துத் திறப்பார்கள் என்று விளக்கினேன். மாலையில் போய்ப் பார்த்தால், ஒரு குழலின் அடியில் பித்தளை மஞ்சளில் வட்டமாகத் தோட்டா வைத்திருந்தார். அழகுக்காம். அவரை ஏணியிலிருந்து இறங்கவே விடவில்லை நான்.

“விடுங்கண்ணே, கறுப்பப் பூசிருங்க,” என்றார் ஆட்டோவில் இருந்த தலைவர். “எங்க ஐயா தோட்டா குடுக்க மாட்டாரு.”

நானும் சிரித்துவிட்டேன்.

இருந்தாலும் நல்ல வெயிலில் அந்தக் கறுப்புக்கு அடியில் மஞ்சள் லேசாகத் தெரிகிறது. பஸ் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். மழைக்கு முன் இன்னொரு பூச்சுப் பூச வேண்டும்.