சரோஜா அக்கா அளந்த தூரம்

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டாக்டர் சரோஜா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் வாயிலிருந்து விழுந்த முதல் வார்த்தை "அப்பாடா". ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏணிமேல் நின்று, அறையைக் குளிரூட்டும் ஏர்கோனைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மாணவி கவிதா. "தூக்கத்துலயே போய்ட்டாங்க அண்ணே" என்றாள். என் "அப்பாடா"வைக் கேட்டு, "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள். அக்காவை நினைக்க இங்கே கூடியிருக்கும் உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் நடத்தியவர் அவர். நான் அங்கே ஏர்கோன் பார்க்கப் போகிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். ஒருநாள், "கண்ணுக்கே தெரியாத மெல்லிசுல காந்தம் பூசி என்னக்கா செய்றீங்க?" என்று கேட்டேன்.

"எலக்ட்ரானுக்கு ஸ்பின்னுனு ஒரு சுழற்சி இருக்கு. பந்தியில ஆளு நகராமலே சாம்பார் வாளி கைமாறிப் போகுதில்ல, அந்த மாதிரி அது இந்தப் படலத்துக்குள்ள போகும். மின்சாரம் ஓடாமலே சேதி போனா கம்ப்யூட்டர் அவ்வளவா சூடாகாதுலா."

"நடுவுல ஒருத்தன் வாளியைப் பிடிச்சி வச்சிக்கிட்டா?"

"எவ்வளவு தூரம் போய் அடங்குதுன்னுதான் அளக்கிறேன். உன்னைப் பந்தியில உட்கார வச்சா ரெண்டாவது இலையிலயே நின்னுடும்."

அக்கா அளந்த தூரம் மற்றவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அது சுழற்சியே அல்ல, சூட்டினால் வந்த பொய்ச் சிக்னல் என்று வெளிநாட்டில் சிலர் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்கு நோய். மறுபடி அளந்து பார்க்காமல் கண்மூட மாட்டேன் என்றார். ஆனால் புதிதாகப் பூசிய படலமெல்லாம் கெட்டுப்போயின. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பூசும் கலனில் காற்று முழுதாக வெளியேறவே இல்லை.

பழி என்மேல். "உன் ஏர்கோன்தான் ஈரத்தை விடுது மணியம்."

"வீட்லயும் எல்லாத்துக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க அக்கா" என்றபடி ஏணியில் ஏறிக் கழற்றத் தொடங்கினேன். கீழே அக்கா கலனின் கதவைத் திறந்து, காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஆயுத பூஜையன்று கதவுக்கு அவரே வைத்த சந்தனப் பொட்டு வளையம்வரை வழிந்து காய்ந்திருந்தது.

"இறங்கு தம்பி. உன் ஏர்கோன் மேல தப்பில்ல."

"அப்ப சாமி மேலயா அக்கா?"

"என் கை மேல. இனிமே பொட்டு மேசைக்கு மட்டும்."

துடைத்துவிட்டுப் பூசிய படலம் நன்றாக வந்தது. அதை அளக்கும்போது அக்கா மருத்துவமனையில் இருந்தார். நான் பார்க்கப் போயிருந்த நேரம் கவிதா அழைத்தாள். "சுழற்சியை உள்ள தள்ளிவிடுற மின்சாரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டா சிக்னலும் திரும்புது டாக்டர். சூடுன்னா திரும்பாது. தூரமும் நீங்க சொன்னதேதான்."

அக்கா தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இனிமே தூங்கலாம்லா" என்றார். அந்த வாரமே போனார்.

வேலை கெட்டால் முதலில் என் கையைப் பார்ப்பது அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம். பொருளாகவும் ஒன்று உண்டு. அந்தக் கடைசிப் பூச்சில் மிஞ்சிய, படலம் பூசிய கண்ணாடித் துண்டைக் கவிதா கொடுத்தாள். சாம்பல் நிறத்தில் மினுங்கும். சாமிப் படத்தருகே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை என் மனைவி குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். இப்போது அது நல்ல சுத்தமான கண்ணாடி.