டைல் மேல் பூசிய செம்மண்

லோரிக்காரன் இருளாண்டியோடு பவானேஸ்வரி ஓடிப்போனாள் என்று சொல்கிறவள் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அவன் லோரியில் வந்தது செம்மண். அவள் ஜாசின் பஸ் ஏறிப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் கோகுலராஜ் டைல் போடுகிறவன். கோலா சுங்கை பாருவில் சுற்றுலாக்காரர்கள் தங்க ஒரு ஹோம்ஸ்டே கட்டும்போது கூலிக்குப் போன பவானி, மண்தரை வேலையைக் கற்றுக்கொண்டு வந்தாள். தன் வீட்டுப் பின் அறையில் அவன் போட்ட டைலை உடைக்காமல், வழுவழுப்புப் போகக் கீறி, மணல் கலந்த பசை தடவி, செம்மண்ணும் தேங்காய் நாரும் குழைத்து விரல் கனத்துக்குப் பூசினாள்.

"டைல்காரன் வீட்டுல மண்ணா? ஊரே சிரிக்குதுலா!" என்று குதித்தான் கோகுலராஜ்.

"சிரிக்க வந்தவங்கதான் குளுகுளுன்னு இருக்குன்னு படுத்துப் பாத்துட்டுப் போறாங்க."

ஜாசினிலிருந்து நிர்மலாதேவி டீச்சரும் வந்து பார்த்தார். நடுவீட்டையும் முடி, சனிக்கிழமை வருகிறேன், பிடித்தால் என் வீடு முழுக்க உன் வேலைதான் என்றார். இருபது வருசம் டைல் போட்டவன் தரையை யாரும் தேடி வந்து பார்த்ததில்லை. அது அவனை அரித்தது. என்னை மட்டும் விட்டதா? என் மருமகள் அவள் தரையைப் போட்டோ பிடித்தாள். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் தரையை ஒரு நாள் குனிந்து பார்த்திருப்பாளா?

நடுவீட்டிலும் பூசி முடித்தாள் பவானி. ஈர மண் மெதுவாகக் காய வேண்டும். நேரே காற்றுப் பட்டால் வெடித்துவிடும். வெள்ளிக்கிழமை பவானி மீன் வாங்கப் பசாருக்குப் போன நேரம், நடுவீட்டில் இரண்டு காற்றாடியைத் தரைக்கு நேரே திருப்பி முழு வேகத்தில் விட்டான் அவன். ஜன்னல் வழியே பார்த்தேன்.

"சீக்கிரம் காயட்டும் பெரியம்மா," என்று இளித்தான்.

நான் போய் ரசம் தாளித்தேன்.

பவானி வந்தபோது தரை முழுக்க வெடிப்பு. வேலியோரம் வந்து கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா பெரியம்மா?"

"பாத்தேன்."

"ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

மறுநாள் டீச்சர் வந்தார். வெடிப்பைப் பார்த்தார், காற்றாடிகளைப் பார்த்தார். "என் வீட்டுல நான் ஒருத்திதான். காத்தாடி போட ஆளு இல்ல. திங்கக்கெழம வந்து ஆரம்பி," என்றார்.

திங்கட்கிழமை காலையில் மண் பூசும் கரண்டி, சல்லடை, நாலு உடுப்பு எல்லாம் ஒரு வாளிக்குள் வைத்துக்கொண்டு பவானி கிளம்பினாள்.

"போனா திரும்பி வராத!" என்று கத்தினான் கோகுலராஜ்.

"சோறு சட்டியில இருக்கு," என்றாள்.

அப்போது நான் வாசலில்தான் நின்றேன். என்னைப் பார்த்தாள். பெரியம்மா என்று கூப்பிடாமலே தாண்டிப் போனாள்.